120 நாள் கணக்கும் கருவில் இருக்கும் பெண் பிள்ளையும்

இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒருவர் மட்டும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெர்ன்ஹில்லில் அது மழைக்காலம். மூடுபனி இறங்கிவிட்டால் எட்டரை மணிக்கே சாலையில் ஆள் இருக்காது. இந்த நேரத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் அவருக்கு நாலு பேர் முன்னால் கேட்க முடியாத மஸ்அலா ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"ஹஜ்ரத், நாலு மாசத்துக்கு முன்னாடின்னா ரூஹ் ஊதப்படலைதானே? அப்போ கலைச்சா குத்தம் இல்லைன்னு சொல்றாங்களே, நிஜமா?"

வீட்டம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆபத்தா என்று கேட்டோம். அப்படி ஒன்றும் இல்லையாம். இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் பெண் பிள்ளைகள். "இதுவும் அப்படித்தான்னு கீழே ஒரு இடத்துல பார்த்துச் சொல்லிட்டாங்க" என்றார். மலையில் வாழும் நமக்குக் 'கீழே' என்றால் சமவெளி. எந்த ஊர், எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை.

ஹராம் என்று சொன்னோம். ஆதாரங்களையும் எடுத்துச் சொன்னோம். அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து போகும்போது சொன்னார்: "என் தங்கச்சி கல்யாணக் கடனே இன்னும் முடியல ஹஜ்ரத். அந்த நிக்காஹ் நீங்கதான் ஓதினீங்க."

சில வாரங்கள் கழித்து, அவர் வீட்டில் கரு கலைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். தானாகக் கலைந்ததா, கலைக்கப்பட்டதா என்று நாம் விசாரிக்கவில்லை. அல்லாஹ்வே அறிந்தவன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறோம். ஆனால் அவர் கேட்ட கேள்வியையும், போகும்போது சொன்ன அந்த வார்த்தையையும் மாற்றவில்லை. அந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

நம்மிடம் இல்லை என்ற நம்பிக்கை

பெண் சிசுக்கொலை என்றதும் நம் பயான்களில் அறியாமைக் கால அரபிகள்தான் வருவார்கள். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போன தகப்பனைப் பற்றி சூரா அந்நஹ்ல் 58, 59 ஆகிய வசனங்கள் பேசுகின்றன. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடமே எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என்பதை சூரா அத்தக்வீர் 8, 9 ஆகிய வசனங்கள் சொல்கின்றன. இவற்றை ஓதி விளக்கி, அந்த இருட்டிலிருந்து நம்மை இஸ்லாம் மீட்டது என்று முடித்துவிடுவோம். கேட்பவர்களும் அது யாரோ ஒரு காலத்து மக்களின் கதை என்று எண்ணி எழுந்து போய்விடுவார்கள்.

மக்கள்தொகைக் கணக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கும். அதாவது 1000 ஆணுக்கு ஏறத்தாழ 950 பெண். இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் அது 927 ஆனது. 2011-ல் 919. முஸ்லிம்களை மட்டும் தனியாக எடுத்தால் 2001-ல் 950, 2011-ல் 943. நாட்டின் சராசரியைவிட நாம் மேல் என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் நம் எண்ணும் இறங்கியிருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஜம்மு காஷ்மீரில் 2001-ல் 941 ஆக இருந்தது பத்தே ஆண்டுகளில் 862 ஆக விழுந்தது. அத்தக்வீர் சூராவை மனப்பாடமாக ஓதும் மக்கள் நிறைந்த பகுதி அது.

இந்தியா, சீனா போன்ற நாடுகளில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாமல் போன பெண்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1990-ல் எழுதினார். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுவதும் அந்த எண்ணிக்கையை 14 கோடியே 26 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் இந்தியாவின் பங்கு 4 கோடியே 58 லட்சம்.

நீலகிரியின் கணக்கு

நாம் வாழும் மலைக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. தோடர் சமுதாயத்தில் ஒரு காலத்தில் பெண் குழந்தைகளைப் பிறந்தவுடன் கொல்லும் வழக்கம் இருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் 1901, 1902 ஆண்டுகளில் இங்கே தங்கி, தோடர் குடும்பங்களின் வம்ச வரிசைகளை ஒவ்வொன்றாக எழுதி எடுத்தார். 1906-ல் அவருடைய நூல் வெளிவந்தது. அதில் அவர் எடுத்துக் காட்டும் மக்கள்தொகைக் கணக்குகளின்படி 1871-ல் தோடர்களில் 405 ஆண்களும் 288 பெண்களும் இருந்தார்கள். 100 பெண்ணுக்கு 140 ஆண். 1901-ல் 451 ஆண்கள், 354 பெண்கள். 100 பெண்ணுக்கு 127 ஆண். பெண்கள் குறைவாக இருந்த அந்தச் சமுதாயத்தில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கமும் இருந்தது.

அந்த மக்களைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அவர்கள் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் குழந்தைகளின் பாலின விகிதம் மிக உயர்ந்து இருந்தது நீலகிரியில்தான்: 1000 ஆணுக்கு 985 பெண். நூறு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு அறிஞர்கள் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுத வந்த மலையில் இன்று இந்த நிலை.

பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நம்மிடம் வந்தவர் காரியத்தைக் கீழே இறங்கிப்போய் முடித்துக்கொண்டு வந்தார். மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கினால் சில மணி நேரம். மறுபக்கம் கர்நாடகமும் கேரளமும். மாவட்ட எண் நன்றாக இருக்கிறது என்பதால் நம் வீடுகளும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது.

உசிலம்பட்டியிலிருந்து ஸ்கேன் அறைக்கு

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு பொதுவெளிக்கு வந்தது 1980-களில். உசிலம்பட்டிப் பகுதியில் நடக்கும் பெண் சிசுக்கொலைகளைப் பற்றி 1986-ல் ஆங்கில இதழ் ஒன்று விரிவாக எழுதிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 1992-ல் சேலம் மாவட்டத்தில் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுவிடுங்கள், அரசு வளர்க்கும் என்பது அதன் சாரம். அந்தக் குழந்தைகளை வரவேற்கத் தொட்டில் வைத்ததே பெற்றோருக்குப் பொறுப்பிலிருந்து நழுவ வழியாகிவிட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு. 1994-ல் பாரதிராஜா 'கருத்தம்மா' என்று இதைத் திரைப்படமாகவே எடுத்தார்.

விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே சலிப்பு வருகிறது; பேரணி, பதாகை, புகைப்படம், முடிந்தது. ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் 1990-களின் கடைசியில் நடந்தது வேறு. டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று, கலைப்பயணம் என்ற பெயரில் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டார்கள். பெண் குழந்தை பாவம் என்று ஒப்பாரி வைப்பதோடு நிற்காமல், ஒரு பெண் பிறந்ததும் மாமியார், கணவன், ஊரார் என்ன பேசுகிறார்கள், வரதட்சணை எப்படி உள்ளே நுழைகிறது என்பதை அந்த ஊர் மொழியிலேயே காட்டினார்கள். அதிகாரி வந்து மிரட்டியபோது வாயை மூடிக்கொண்ட ஊர்கள், தங்கள் பிள்ளைகள் நடித்துக் காட்டியபோது பேசத் தொடங்கின. சிசுக்கொலைகள் குறைந்தன. 2001-ல் 830-ஐக்கூட எட்டாமல் இருந்த தர்மபுரியின் குழந்தைப் பாலின விகிதம் 2011-ல் 900-ஐத் தாண்டியது.

ஆனால் அதற்குள் ஸ்கேன் கருவி சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டது. பிறந்த குழந்தையைக் கொல்ல மனம் நடுங்குகிறவர்களும் பிறக்காத குழந்தையைக் கலைக்கத் துணிந்தார்கள். இரத்தம் பார்க்க வேண்டியதில்லை, அழுகுரல் கேட்க வேண்டியதில்லை. 2011-ல் கடலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் விகிதம் 900-க்கும் கீழே போனது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்தவர்களில் 1000 ஆணுக்கு 878 பெண்தான் என்று வந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் அது 954. மாதிரி ஆய்வு என்பதால் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனாலும் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பாட்டிமார் ஆறேழு பிள்ளைகள் பெற்றார்கள். நான்கு பெண்ணுக்குப் பின் ஒரு பையன் வருவான் என்று காத்திருக்க இடம் இருந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. பையன் வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. அந்த இடைவெளியில்தான் ஸ்கேன் அறைக்காரர் தொழில் செய்கிறார்.

கிதாபுகள் என்ன சொல்கின்றன

இனி நம்மிடம் கேட்கப்பட்ட மஸ்அலாவுக்கு வருவோம். கருவுக்கு 120 நாள் ஆனதும் ரூஹ் ஊதப்படுகிறது என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸின் அடிப்படையில் அறிஞர்கள் எடுத்த முடிவு. அதற்குப் பிறகு கலைப்பது, தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலையைத் தவிர, ஹராம். இதில் நான்கு மத்ஹபுகளிலும் கருத்து வேறுபாடு இல்லை.

அதற்கு முன்? இங்கேதான் அரைகுறையாகக் கேட்டது ஆபத்தாகிறது. மாலிக்கி மத்ஹபில் பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்தே தடுக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய இமாமான கஸ்ஸாலி, கர்ப்பப்பையில் தரித்த முதல் கட்டத்திலேயே அதைக் கெடுப்பது குற்றம் என்றும், கரு வளர வளர அந்தக் குற்றம் கூடிக்கொண்டே போகிறது என்றும் இஹ்யாவில் எழுதுகிறார். ஹனஃபி கிதாபுகளில் 120 நாளுக்கு முன் ஆகும் என்ற வாசகம் இருப்பது உண்மை. நம் மக்கள் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இப்னு ஆபிதீன் அதை உஸ்ர், அதாவது ஏற்கத்தக்க காரணம் இருந்தால் என்று கட்டுப்படுத்துவதை யாரும் சொல்வதில்லை. அந்தக் காரணத்துக்குக் கிதாபில் வரும் உதாரணத்தைப் பாருங்கள்: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் மறுபடி கர்ப்பமாகிறாள், பால் வற்றிவிடுகிறது, வேறு பால்தாயை அமர்த்தத் தகப்பனிடம் வசதி இல்லை, இருக்கும் குழந்தை செத்துவிடுமோ என்ற பயம். ஒரு உயிரைக் காப்பாற்ற வந்த சலுகை அது. பெண் பிள்ளை வேண்டாம் என்பதை எந்த இமாமும் உஸ்ராக எழுதவில்லை. வறுமையை அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற தடை சூரா அல்இஸ்ரா 31-ல் நேரடியாகவே இருக்கும்போது எப்படி எழுதுவார்கள்?

இந்தக் கணக்கில் இன்னொரு தவறும் நடக்கிறது. மருத்துவர்கள் கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கிதாபின் 120 நாள் கரு உண்டானதிலிருந்து. இரண்டுக்கும் சுமார் இரண்டு வாரம் வித்தியாசம். 120 நாள் என்பது மருத்துவர் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். குழந்தையின் உறுப்புகளைச் சரிபார்க்கும் ஸ்கேன் பொதுவாக 18 முதல் 20 வாரத்தில் எடுக்கிறார்கள். ஆக, அந்த ஸ்கேனில் யாரோ பாலினத்தைச் சொல்லி, வீட்டில் பேசி, பணம் புரட்டி, இடம் தேடிப் போவதற்குள் அந்த 120 நாளும் கடந்துபோயிருக்கும். அந்தக் கட்டத்தில் தகுதியில்லாத இடத்தில் கலைப்பது தாயின் உயிருக்கும் ஆபத்து.

மதரஸாவில் படித்த காலத்தில் நாம் மேலோட்டமாகக் கடந்துபோன ஒரு பாடம் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கர்ப்பிணியைத் தாக்கி அவள் வயிற்றுச் சிசு இறந்துவிட்டால் குர்ரா என்ற ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். ஹுதைல் கூட்டத்துப் பெண்கள் இருவரின் வழக்கில் நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு அது. ஃபிக்ஹ் அறிஞர்கள் அதை ஐந்து ஒட்டகங்களின் மதிப்பு என்று கணக்கிட்டார்கள். அந்தச் சிசு ஆணா பெண்ணா என்று பார்க்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே தொகை. கருவறைக்குள் இருக்கும்வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் விலையில் வித்தியாசம் வைக்காத சட்டம் நம்முடையது.

மக்காவில் உள்ள ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை 2007-ல் பாலினத் தேர்வு பற்றி விவாதித்து, மரபு நோயைத் தவிர்ப்பது போன்ற மருத்துவ அவசியம் இல்லாமல் மருத்துவத் தலையீட்டின் மூலம் ஆண், பெண் என்று தேர்ந்தெடுப்பது கூடாது என்று முடிவு செய்தது. கருத்தரிக்கும் முன்பே தேர்ந்தெடுப்பதற்கே இந்தத் தீர்ப்பு என்றால், கருவான பிறகு கலைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அகீகாவில் பையனுக்கு இரண்டு ஆடு, பெண்ணுக்கு ஒரு ஆடு என்பதைக் காட்டி, மார்க்கத்திலேயே பெண் பாதிதான் என்று பேசுகிறவர்களை விருந்து வீடுகளில் பார்த்திருக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் காஸிம், அப்துல்லாஹ், இப்ராஹீம் மூவரும் சிறு வயதிலேயே மௌத்தானார்கள். வளர்ந்து வாழ்ந்தவர்கள் ஸைனப், ருகைய்யா, உம்மு குல்ஸூம், ஃபாத்திமா (ரலி) என்ற நான்கு பெண்கள். இன்று உலகில் நபிக் குடும்பம் என்று சொல்லப்படுவது மகள் வழியாக வந்ததுதான். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே அவர்கள் தொழவைத்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டு பெண் பிள்ளைகளைப் பருவம் அடையும் வரை வளர்த்தவர் மறுமையில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள். இம்ரானின் மனைவி, பிறக்கப்போகும் பிள்ளையை இறைப்பணிக்கு நேர்ந்துகொண்டு காத்திருந்தார், பிறந்தது பெண். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண்மணி அந்தப் பிள்ளைதான், மர்யம் (அலை).

பெண்ணாகப் பெற்றுவிட்டாள் என்று மருமகளைத் திட்டும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணு X குரோமோசோமைக் கொண்டுவருகிறதா Y-யைக் கொண்டுவருகிறதா என்பதைப் பொறுத்தது. தாயிடம் இருப்பது X மட்டுமே. திட்டியே ஆக வேண்டும் என்றால் மகனைத்தான் திட்ட வேண்டும்.

சட்டம் யாரைப் பிடிக்கிறது

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டு 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஏட்டில் தூங்குகிறது என்று சமூக அமைப்புகளும் டாக்டர் சாபு ஜார்ஜும் 2000-ல் உச்ச நீதிமன்றம் போன பிறகே அது உயிர் பெற்றது. 2003-ல் திருத்தப்பட்டு, கருத்தரிக்கும் முன் பாலினம் தேர்ந்தெடுப்பதும் அதற்குள் கொண்டுவரப்பட்டது. தாயின் இரத்தத்தை எடுத்துச் சோதிக்கும் புதிய முறைகளுக்கும் இதே தடைதான்.

மருத்துவர் வாயால் சொன்னால்தான் குற்றம் என்றில்லை. சைகை, குறிப்பு, வேறு எந்த வழியிலும் தெரிவிக்கக் கூடாது. 'இனிப்பு வாங்கிக்கொண்டு போங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் அதில் அடங்கும். சொன்னவருக்கு முதல் முறை மூன்றாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும். மறுமுறை ஐந்தாண்டும் 50,000-மும். தண்டனை உறுதியானால் மருத்துவப் பதிவும் ரத்தாகும். கேட்டுப் போன குடும்பத்தாருக்கு முதல் முறை மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை ஐந்தாண்டு, ஒரு லட்சம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம்.

நம் வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. இப்படிப் பரிசோதனைக்குப் போன கர்ப்பிணியைக் கணவனோ உறவினரோதான் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. 'அவளேதான் போகணும்னு சொன்னா' என்ற பேச்சு அங்கே எளிதில் எடுபடாது. மனைவியின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 89-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை உண்டு.

இதைப் படித்துவிட்டு ஸ்கேனே எடுக்கக் கூடாது என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். ஸ்கேன் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறது. தாயின் உடல்நலம், கருவின் கடுமையான குறைபாடு போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் அனுமதிக்கின்றன. அப்படி உண்மையான மருத்துவத் தேவையில் இருக்கும் பெண்ணைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும், ஊர் பேசிப் பயமுறுத்துவதும் பாவம்தான். அவர்கள் மருத்துவரிடமும் விவரம் அறிந்த ஆலிமிடமும் தயங்காமல் பேசலாம்.

பாலினம் சொல்லும் இடம் தெரிந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். நடவடிக்கை இல்லை என்றால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு யாரும் நேரடியாக நீதிமன்றம் போகவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. வீட்டில் கட்டாயப்படுத்தப்படும் பெண்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். சுகாதார விவரங்களுக்கு 104.

நிக்காஹ் சபையில் நாம்

அவர் கேட்ட மஸ்அலாவுக்குப் பதில் இவ்வளவுதான். போகும்போது சொன்ன வார்த்தைக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

அவருடைய தங்கை நிக்காஹ் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. மஹர் ஐயாயிரத்துச் சொச்சம் என்று தஃப்தரில் எழுதினோம். அதே மண்டபத்தின் பின் அறையில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கப்பட்டது அதைப்போல் பல மடங்கு. நகை தனி, வண்டி தனி, விருந்துச் செலவும் பெண் வீட்டார் தலையில். ஊருக்கு ஒரு பெயர்: கைக்கூலி, வரதட்சணை, சீர், உருது பேசும் வீடுகளில் ஜஹேஸ், ஜோடா. அன்றைக்கு நமக்கு அது தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் குத்பா ஓதினோம், துஆ செய்தோம், பிரியாணி சாப்பிட்டோம், கவரில் வைத்துக் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கல்யாணக் கடனைச் சுமக்கும் மனிதர் மூன்றாவது பெண்ணை எண்ணிப் பயந்து வந்து நிற்கும்போது அத்தக்வீர் சூராவை ஓதிக் காட்டுகிறோம்.

வாரிசுரிமை விஷயமும் இதோடு ஒட்டியதுதான். குர்ஆன் பெண்ணுக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறது. அதைக் கொடுக்கிற வீடுகள் எத்தனை? 'கல்யாணத்தில்தான் அவ்வளவு செய்தோமே' என்று அதைக் கழித்துவிடுகிறோம். அல்லாஹ் கொடுக்கச் சொன்னது பெண்ணின் கைக்கு வருவதில்லை. கொடுக்கச் சொல்லாதது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. இப்படி இருக்கும்வரை பெண் பிள்ளை தகப்பன் கண்ணுக்குக் கடனாகத்தான் தெரிவாள்.

அரசு சில வழிகளில் சுமையைக் குறைக்கப் பார்க்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. மஹல்லாவில் தகுதியுள்ள பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கல்லூரி மூலம் விண்ணப்பிக்க உதவி செய்யுங்கள். பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை கிடைக்கும். ஆனால் பெற்றோரில் ஒருவர் நிரந்தரக் குடும்பக் கட்டுப்பாடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருப்பதால், மார்க்க அடிப்படையில் தயங்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது எட்டாமல் போகிறது. அந்த நிபந்தனையைத் தளர்த்தும்படி ஜமாஅத்துகள் சேர்ந்து மனுக் கொடுப்பதில் தவறில்லை.

எங்கள் மஹல்லாவில் சென்ற ஆண்டு முதல் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். ஆண் பிள்ளை பிறந்தால் இனிப்பு வரும், பெண் பிள்ளை பிறந்தால் பத்து நாள் கழித்துத்தான் பள்ளிக்கே செய்தி வரும் என்ற நிலை இருந்தது. இப்போது எந்தப் பிள்ளை பிறந்தாலும் அந்த வாரம் ஜும்ஆவில் பெயர் சொல்லி துஆ செய்கிறோம். முதலில் சிலர் சங்கடப்பட்டார்கள். இப்போது பெண் பிள்ளையின் தகப்பனே முன்கூட்டி வந்து பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

பெரிய காரியம் தஃப்தர் விஷயம். நிக்காஹுக்கு முன் இரு வீட்டாரையும் நிர்வாகிகள் முன்னால் உட்காரவைத்து, என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பது. கைக்கூலி இருந்தால் இமாம் போவதில்லை, தஃப்தரும் தருவதில்லை என்ற தீர்மானத்தை நிர்வாகக் கூட்டத்தில் வைத்தோம். மூத்தவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "நாம தரலைன்னா பக்கத்துப் பள்ளியில ஓதிக்குவாங்க. அப்புறம் என்ன பண்றது?" நியாயமான கேள்வி. அதனால் ஊட்டி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளின் மஹல்லாக்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு ஜமாஅத்துகள் எழுத்தில் சம்மதம் தந்திருக்கின்றன. ஒன்று முடியாது என்று சொல்லிவிட்டது. மற்றவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ஷஅபான் மாதம் எல்லோரையும் சேர்த்து உட்காரவைக்க நாள் குறித்திருக்கிறோம். அந்த அமர்வுக்கு நிர்வாகிகளை மட்டும் கூப்பிடவில்லை. இந்த மலையில் கல்யாண வயதுப் பையன்களை வைத்திருக்கும் தாய்மார்களையும் கூப்பிட்டிருக்கிறோம்.